கூழுக்கும் ஆசை... ஸ்மூத்திக்கும் ஆசை!

'9.8!'

இது கிரிக்கெட் ரன்ரேட் இல்லீங்க. எங்க காலேஜ் ரத்ததான முகாம்ல என் ரூம்மேட்டோட ஹீமோகுளோபின் அளவு. ரத்தம் கொடுக்க 12.5 இருக்கணும். ''நீ குடுக்க வேணாம்மா. உனக்கே யாராவது குடுத்தாத்தான் உண்டு''னு சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்பிட்டாங்க நர்ஸ் அக்கா. கையில ஜூஸ் பாக்கெட்டும் இல்ல, சர்ட்டிஃபிகேட்டும் இல்ல. மூஞ்சி தொங்கிப்போச்சு அவளுக்கு.

காரணம் ஊரறிஞ்ச ரகசியம். காலைல எட்டரைக்கு எந்திரிப்பா. எட்டு நாப்பத்தஞ்சுக்கு ஒரு டீ. ஒம்போதுக்கு கிளாஸ். டிபனா? அது என்னனு கேப்பா! அவ மட்டும்னு இல்ல. 2019-21ல எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 வயசுலேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, ஒரு பெஞ்ச்ல ரெண்டு பேர் உக்காந்திருந்தா, அதுல ஒருத்திக்கு!

''மால்ல ஒரு ஸ்மூத்தி விக்கிறாங்கடி. வாழைப்பழம், ஓட்ஸ், தயிர் எல்லாம் போட்டு. அதைக் குடிச்சா டிபனே வேணாமாம்''னு நான் ஐடியா கொடுத்தேன். விலையைக் கேட்டதும் அவளுக்கு இருந்த 9.8ம் இறங்கிடுச்சு. ஒரு கிளாஸ் நூத்தி அறுபது ரூபாய்!

''எங்க ஊருக்கு வா. எங்க அப்பத்தாகிட்ட கேப்போம்''னா. அப்படிக் கிளம்பினதுதான் இந்த காரியாபட்டி ட்ரிப்.

கருவேலங்காட்டு எக்ஸ்பிரஸ்

மதுரை மாட்டுத்தாவணில அருப்புக்கோட்டை பஸ். ஜன்னல் சீட் எனக்குத்தான்னு சண்டை போட்டு வாங்கினேன். ஏர்போர்ட் பக்கத்தைத் தாண்டி, வலையங்குளம், எலியார்பத்தி டோல்கேட்னு போய்க்கிட்டே இருக்கு தூத்துக்குடி நாலுவழிச் சாலை. மதுரையிலேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர். விருதுநகர் மாவட்ட எல்லைக்குள்ள நுழைஞ்சதும் புல்லூர்ல சேது இன்ஜினீயரிங் காலேஜ். அப்புறம் காரியாபட்டி. அங்கேயிருந்து மினிபஸ்ல ஏறி, திருச்சுழிப் பக்கமா அவ கிராமத்துக்கு.

நான் தஞ்சாவூர்க்காரி. கண்ணை மூடினா பச்சை வயல்தான் தெரியும். இங்க கண்ணைத் திறந்தா கரிசல், பனை, சீமைக்கருவேலம். நடுநடுவுல புகை வேற. ''ஏதோ தீப்பிடிச்சிருச்சுடி!''னு நான் பதற, பக்கத்து சீட் பாட்டி சிரிச்சுட்டாங்க. அது கரிமூட்டமாம். கருவேலங்கட்டையை அடுக்கி, மண்ணு பூசி, மூச்சுவிட முடியாம எரிச்சா கரி. மழை ஏமாத்துற வருஷம் பல வீட்ல அதுதான் சோறு.

திருச்சுழினு போர்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. ரமண மகரிஷி 1879ல பிறந்த ஊராச்சே! ''அதெல்லாம் சரி, குண்டாறு எங்க?''னு கேட்டேன். ''தாண்டி வந்தா பாக்கலாம். ஆனா, ஆறுனு நினைச்சுப் பாக்காத, மணல்னு நினைச்சுப் பாரு''ன்னா.

புரட்டாசி மாசம். நிலத்தை உழுது போட்டுட்டு ஊரே வானத்தைப் பார்த்துட்டு இருந்துச்சு. கண்மாய்ல ஆடு மேயுது. எங்க ஊர்ல தண்ணி வரலைன்னா மேட்டூரைத் திட்டுவோம். இங்க திட்டுறதுக்கு ஒரு டேம்கூட இல்ல. வடகிழக்குப் பருவமழை மனசு வெச்சாத்தான் உண்டு.

பால் திரிஞ்ச கதை

வாசல்லயே அப்பத்தா. ''வாத்தா... வா தாயி. ரெண்டும் என்ன இப்புடி கருவாடாக் கிடக்கீக?''னு ஒரு பார்வை. ரத்தப் பரிசோதனைக்கு ஊசியே தேவையில்லை போல!

காலைல ஆறு மணிக்கு அடுப்படிக்குள்ள எங்க ஸ்மூத்தி ஆபரேஷன் ஆரம்பம். அடுப்படி மேடைல அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்ஸி. 2011 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்தது. சட்னி அரைச்சு அரைச்சு, ஜாருக்கே வயசாயிடுச்சு. ஓட்ஸுக்கு எங்க போறது? ''ஓட்ஸ் இல்லைன்னா கம்பங்கூழைப் போடு''னு அவளே சொல்லிட்டா. முதல் நாள் ராத்திரி அப்பத்தா தண்ணிக்குள்ள போட்டு வெச்சிருந்த கம்பு உருண்டைல ஒண்ணு, ரெண்டு வாழைப்பழம், சுடச்சுட ஒரு டம்ளர் பால். மிக்ஸி ஒரு சுத்து சுத்திச்சு. மூடியைத் திறந்தா... அய்யோ! தண்ணி தனி, திப்பி தனி. மொத்தமும் திரிஞ்சு போச்சு!

அப்பத்தா எட்டிப் பார்த்தாங்க. ''ராவெல்லாம் ஊறின கூழு புளிச்சிருக்கும்ல? அதுல போயி சூடா பாலை ஊத்துனா என்னாகும்? தயிரை ஊத்தணும் தாயி.''

யோசிச்சுப் பார்த்தா பக்கா கெமிஸ்ட்ரி. ராத்திரி முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலை பார்க்கும். அந்தப் புளிப்பு, பால் புரதத்தைத் திரட்டிடும். தயிர் ஏற்கெனவே புளிச்சு உறைஞ்சதுதானே... அதுக்கு ஒண்ணும் ஆகாது. ப்ளஸ் டூல நான் சென்டம் வாங்கின சப்ஜெக்ட். அப்பத்தா பள்ளிக்கூடமே போனதில்லை!

சரின்னு ரெண்டாவது ரவுண்டுக்கு ரெடியானா... கரண்ட் கட்!

மத்துதான் மிக்ஸி

''போச்சுடி ஸ்மூத்தி''னு நான் உக்காந்துட்டேன். அப்பத்தா அசரல. ஒரு மண்சட்டியை எடுத்தாங்க. கம்பு உருண்டையைக் கையாலயே கரைச்சாங்க. நல்லா கனிஞ்ச வாழைப்பழத்தை அதுலயே பிசைஞ்சாங்க. வறுத்த நிலக்கடலையைத் தோல் ஊதி, அம்மியில வெச்சு எண்ணெய் விடுற வரைக்கும் நசுக்கினாங்க. தட்டின கருப்பட்டியைக் கொஞ்சம் வெந்நீர்ல கரைச்சு வடிகட்டினாங்க (மண்ணு இருக்குமாம்!). கெட்டித் தயிர் ஒரு கரண்டி. கல்லுப்பு ரெண்டு. அப்புறம் மத்தை எடுத்து கடகடன்னு ஒரு கடை!

ரெண்டே நிமிஷம். வழுவழுன்னு, நுரை கட்டி, கரண்டியில எடுத்தா நாடாவா ஊத்துது. மால்ல வாங்கினா ஸ்ட்ரா போட்டுத் தருவாங்க. இங்க வெங்கலச் செம்பு. ஒரு வாய் குடிச்சேன். முதல்ல கருப்பட்டி, அப்புறம் கடலை, கடைசியா லேசா ஒரு புளிப்பு. அடடா!

இந்த வழுவழுப்பு எங்கேயிருந்து வருது தெரியுமா? வெந்த கம்போட மாவுச்சத்து தண்ணியைக் குடிச்சு கொழகொழன்னு ஆயிடும். வாழைப்பழத்துல பெக்டின் இருக்கு, அது கெட்டியாக்கும். கடலை எண்ணெயும் தயிரும் சேர்ந்தா க்ரீம் மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல விஸ்கான்சின்காரர் ஸ்டீவன் போப்லாவ்ஸ்கி, சோடாக்கடை பானம் கலக்கத்தான் ஜாடிக்கு அடியில பிளேடை வெச்சு, பேட்டன்ட் வாங்கினாரு. அப்பத்தாவோட மத்து மேலேயிருந்து சுத்துது. அம்புட்டுதான் வித்தியாசம்!

''அந்தக் காலத்துல இது ஏழை வீட்டுக் கஞ்சி தாயி. நெல்லுச்சோறு தீவாளிக்குத்தான். கூழு குடிக்கிறோம்னு வெளிய சொல்லவே கூசுவோம். இப்ப என்னடான்னா நீங்க பஸ்ஸு ஏறி வந்து கேக்குறீக''னாங்க அப்பத்தா. சொல்லிட்டு சிரிச்சாங்க. ஆனா, எனக்கு சட்டுனு சிரிப்பு வரல. அவங்க குடிக்கக் கூசின அதே கம்புக்காகத்தான், 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுனு ஐ.நா. கொண்டாடிச்சு!

அப்பத்தா சொன்ன 'டோன்ட்'கள்

* டீயும் கூழும் ஒண்ணா வேணாம். டீயில உள்ள டானின், இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

* சீத்தாப்பழம் போடலாம். இந்தப் பக்கம் புரட்டாசியில ரோட்டோரமே விப்பாங்க. ஆனா, ஒரு விதை பாக்கி இல்லாம எடுத்துடணும். மிக்ஸியில அரைபட்டா விஷம். தூள் கண்ணுல பட்டா கண்ணுக்கே ஆபத்து.

* பப்பாளியைப் பாலோட அடிச்சா அப்பவே குடிச்சிடணும். வெச்சிருந்தா கசக்கும். அதுல உள்ள நொதி, பால் புரதத்தை உடைக்கிற வேலையை ஆரம்பிச்சிடும்.

* கொய்யா கிடைச்சா விடாதீங்க. அதை அரைக்க வேணாம், கடிச்சே சாப்பிடுங்க. கொய்யாவோட வைட்டமின் சி, கம்புல உள்ள இரும்பை இழுத்து உடம்புல சேர்க்கும்.

(ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல வர்ற சயின்ஸ் நம்ம சேர்த்தது. அப்பத்தா சொன்னது, ''வேணாம்னா வேணாம்'' மட்டும்தான்!)

நூறு கிராம் கம்புல சுமார் 11 கிராம் புரதம், 6 மில்லிகிராமுக்கு மேல இரும்பு. புளிக்க வெக்கிறதால, இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கிற ஃபைட்டேட் குறையும். ஆக, ராத்திரி தண்ணிக்குள்ள போடுறது வெறும் சோம்பேறித்தனம் இல்லைங்க... டெக்னிக்!

ஹாஸ்டல்ல எப்படி?

இங்கதான் சிக்கல். எங்க ஹாஸ்டல்ல மிக்ஸி வெச்சிருந்தா வார்டன் மிக்ஸியில நம்மளைப் போட்டுடுவாங்க. கூழ் உருண்டையும் ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. அப்பத்தா அதுக்கும் வழி சொன்னாங்க. கம்பை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, அரைச்சு, டப்பாவுல போட்டுக் கொடுத்தாங்க. ''பத்து நாளைக்குத்தான். அப்புறம் காறல் அடிக்கும்''னாங்க. உண்மைதான். கம்பு மாவுல எண்ணெய்ச்சத்து ஜாஸ்தி. சீக்கிரம் கசந்துடும். வறுத்தா கொஞ்ச நாள் கூடுதலா நிக்கும்.

இதான் எங்க ரூம் நம்பர் 14 ஸ்பெஷல். ஒருத்திக்கான அளவு:

வறுத்த கம்பு மாவு ரெண்டு ஸ்பூனை, மெஸ்ல கொதிக்கிற வெந்நீர் கால் டம்ளர்ல கட்டி இல்லாம கரைச்சு மூடி வைங்க. பல் தேய்ச்சுட்டு வாங்க. அதுக்குள்ள வெந்து ஆறிடும். தோல் கறுத்த வாழைப்பழம் ஒண்ணை டிபன் பாக்ஸ்ல போட்டு முள்கரண்டியால மசிங்க (பழம் எவ்வளவு கனியுதோ அவ்வளவு வழுவழுப்பு!). அரை டம்ளர் தயிர், பொடிச்ச நிலக்கடலை ஒரு ஸ்பூன், கருப்பட்டித் தூள் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாத்தையும் வாயகன்ற பாட்டில்ல போட்டு மூடி, பிடிச்ச பாட்டு ஒண்ணு முடியுற வரைக்கும் குலுக்குங்க. கம்பு கிடைக்கலையா? அவலைத் தயிர்ல பத்து நிமிஷம் ஊறவெச்சுக்குங்க. நடந்துக்கிட்டே குடிக்கலாம். ஒம்போது மணி கிளாஸுக்கு அட்டெண்டன்ஸும் கிடைக்கும்!

ஊர்லேர்ந்து கிளம்புறப்ப அப்பத்தா ஒரு கேள்வி கேட்டாங்க. ''பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்ப காலைலயே சோறு போடுறாகளாமே... காலேசுப் பிள்ளைகளுக்கு யாரு போடுறா?''

நல்ல கேள்வி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரையிலதான் ஆரம்பிச்சது. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் போடுறாங்க. விருதுநகர்ல பிறந்த காமராஜர் மதிய உணவு போட்டாரு. அதுக்கு மேல வளர்ந்த கழுதைகளுக்கு? நாமதான் போட்டுக்கணும் பாஸ்!

க்ளைமாக்ஸுக்கு வர்றேன். கூழ் குடிச்சதும் ஹீரோயினுக்கு 9.8, பதினஞ்சா எகிறிடுச்சுன்னு கதை விட மாட்டேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரும்பு மாத்திரை கொடுத்தாங்க. பாலோட, தயிரோட, டீயோட போடாதனு சொன்னாங்க. அதனால மாத்திரை ராத்திரி, ஸ்மூத்தி காலைல. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தோம். 11.6. இன்னும் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனா, முதல் ஹவர்ல என் தோள்ல தூங்கி விழுறது நின்னு போச்சு.

அடுத்த முகாம் வர்ற செமஸ்டர்ல. அவ இப்பவே பேர் கொடுத்துட்டா.

நேத்து காலைல பாட்டிலை வாயிலேர்ந்து எடுத்தவளைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். மேலுதட்டுல வெள்ளையா ஒரு கோடு. அப்பத்தாவுக்கு வீடியோ கால் போட்டுக் காமிச்சோம்.

''இத்தன நாளா கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைனு ஆம்பளைகளைத்தான் சொல்லிட்டு இருந்தேன்...''

அப்பத்தா சிரிப்பு நிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு!