பங்கு கேட்காத கடிதம்



1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், தாய்நாடு திரும்பாமல், நமக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798 பிப்ரவரி 13 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் மணம் செய்யவில்லை. எளிய வாழ்க்கையினால் மிஞ்சிய பொருளை மிஷன் ஊழியத்திற்கென்றே உயிலில் எழுதி வைத்தார்.

அக்காலத்தில் இந்நாட்டில் மரித்த ஐரோப்பியரின் ஆஸ்தியைக் குறித்துக் கப்பல்களில் கடிதங்கள் போய்வந்துகொண்டிருக்கும். சில உயில்கள் நீதிமன்றம் ஏறின. 1800இல் லக்னோவில் இறந்த கிளாட் மார்ட்டின் பெருஞ்செல்வத்தைப் பள்ளிகளுக்கென விட்டுச்சென்றார். வழக்குகள் நீண்டதால் லக்னோ பள்ளி 1845இல்தான் திறக்கப்பட்டது.

சுவார்ட்ஸ் ஐயருக்குப் பின்னும் ஒரு கடிதம் இலண்டனுக்குச் சென்றது. எழுதியவர், ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்த சரபோஜி மன்னர். அவர் பங்கு கேட்கவில்லை. தமக்குத் தகப்பனைப்போலிருந்தவருக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்துதரக் கேட்டார். மரணப்படுக்கையிலிருக்கும் ஐயரின் கரத்தை மன்னர் பற்றியிருக்கும் அந்தச் சலவைக்கல் சிற்பம் இன்றும் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் உள்ளது.

அண்மையில், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தகப்பனின் நிலத்திற்காகப் பகைத்துக்கொண்ட இரு சகோதரரைச் சமாதானப்படுத்தச் சென்றேன். சுண்ணாம்புக்கல் சுரங்கம் அருகே வந்ததால் நிலத்தின் விலை ஏறியிருந்தது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் சுதந்தரத்தைப் பங்கிடும்படி கேட்டவனுக்கு ஆண்டவர் பங்கு பிரித்துக் கொடுக்காமல், பொருளாசையைக் குறித்து எச்சரித்ததை விளக்கினேன். மூத்தவர் அமைதியாகக் கேட்டார்: “ஐயா, உங்கள் தம்பியோடு பேசிவிட்டீர்களா?”

நான் தலை குனிந்தேன். எங்கள் தகப்பனாரின் ஒரு ஏக்கர் கரிசல் காட்டிற்காகத் தம்பியோடு பேசி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்திரத்தின்படி நியாயம் என் பக்கமே என்று இருதயத்தில் வைத்திருந்தேன். பலிபீடத்தண்டை நிற்கும் எனக்கு, காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போகவேண்டும் என்ற கட்டளை மறந்திருந்தது.

அன்றிரவே பெரம்பலூரில் தம்பியின் வாசலில் நின்றேன். “வாங்கண்ணே” என்றான். காட்டைப் பற்றி இன்னும் பேசவில்லை. அப்பாவின் கல்லறைக்குச் சேர்ந்து போய் வந்தோம்.

பிரியமானவரே, உங்கள் பெற்றோர் விட்டுச்சென்றதில் நீங்கள் பற்றியிருப்பது பத்திரத்தையா, உடன்பிறந்தவரின் கரத்தையா? அடுத்த திருவிருந்துக்கு முன் ஆராய்ந்து பாருங்கள். சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.