மயிலத்தில் ஒரு விருந்து

மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் சாதாரணமாக ஏதாவது ஒரு பிரார்த்தனையோடு போவார்கள். சென்ற மாசி மாதம் நாங்கள் போனபோது ஒரு சண்டையோடு போனோம். சண்டைக்குக் காரணம் நிலமா, நகையா என்று கேட்காதீர்கள். சாம்பாரும் பாயசமுந்தான்!

எங்கள் அத்தைக்கு 75 வயது நிறைந்தது. என் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் மூத்தவர் அத்தை. இருபத்து நான்கு வயதில் கணவரை இழந்து திண்டிவனத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார். மறு வருஷமே பாட்டி காலமாகிவிட்டாள். சித்தப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அன்று அடுப்படிக்குள் போன அத்தை, தம்பிகளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, எங்களையெல்லாம் தொட்டிலில் போட்டு ஆட்டி, பிறகுதான் வெளியே வந்தார் என்று சொல்ல வேண்டும்.

எத்தனையோ விசேஷங்களுக்குச் சமைத்தவருக்கு என்று ஒரு விசேஷம் நடந்ததில்லை. அறுபதாம் கல்யாணம் என்றால் தம்பதியாகத் திருக்கடையூருக்குப் போகிறார்கள். எண்பது வந்தாலும் போகிறார்கள். தனித்து நிற்கும் பெண்ணுக்கு அறுபது வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. என் அப்பா இருந்தவரையில், “அக்காவுக்கு ஏதாவது செய்யவேண்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குறை தீரத்தான் இந்த ஏற்பாடு. அத்தையின் ஜன்ம நட்சத்திரம் கிருத்திகை. முருகனுக்கு உகந்த நாள். ஆகவே மாசிக் கிருத்திகையன்று மயிலம் மலையில் அபிஷேகம், அடிவாரத்து மண்டபத்தில் நூறு பேருக்கு விருந்து என்று நிச்சயமாயிற்று.

அதற்கப்புறந்தான் ஆரம்பித்தது வினை.

புதுச்சேரியில் இருக்கும் பெரியப்பா, “கேட்டரிங்காரரிடம் விட்டுவிடுவோம். இலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் நமக்குத் தலைவலி இல்லை” என்றார். பெரியம்மாவுக்கு அதில் பூரண சம்மதம். சித்தப்பாவோ, “திண்டிவனத்தில் நமக்குத் தெரிந்த சமையல்காரர் இருக்கிறார், அண்டா குண்டான் வாடகைக்கு எடுத்து, சாமான் வாங்கிக் கொடுத்தால் பாதிச் செலவில் முடியும்” என்றார். செலவை மூன்று பங்காகப் போடுவதாகப் பேச்சு. சித்தப்பாவின் கை கொஞ்சம் சுருக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை வாய் விட்டுச் சொல்லாமல் எண்ணெயைப் பற்றிச் சண்டை போட்டார்கள்!

“கேட்டரிங்காரர்கள் என்ன எண்ணெய் ஊற்றுவார்களோ! நம் ஊரில் மல்லாட்டை எண்ணெய்க்குப் பஞ்சமா?” என்றார் சித்தப்பா.

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ‘மணிலாக் கொட்டை’ தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. திண்டிவனத்துக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் கர்வங்கூட உண்டு. ஊரில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உண்டான கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். டி.எம்.வி. என்றால் திண்டிவனந்தான்!

பதினைந்து நாள் டெலிபோனில் இந்த வாதம் நடந்தது. கடைசியில் பெரியப்பா பேச்சே ஜெயித்தது; முன்பணமும் கொடுத்தாயிற்று. சென்னையில் இருக்கும் நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பதார்த்தப் பட்டியலைத் தயாரித்தவள் நான்தான். இனிப்பு இரண்டு, பொரியல் இரண்டு, கூட்டு, எண்ணெய்க் கத்தரிக்காய், வடை, அப்பளம், பாயசம் என்று பத்தொன்பது அயிட்டங்கள். எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பினேன். எல்லோரும் ஏதாவது பதில் போட்டார்கள். சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அத்தையோடு ஒரே வீட்டில் இருக்கிறவர் அவர். சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை.

கிருத்திகையன்று விடியற்காலை சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். செங்கற்பட்டு, மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் தாண்டித் திண்டிவனம் சேர ஏறக்குறைய 120 கிலோமீட்டர். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் ஆயிற்றாம். புளிப்பான ஊர்ப் பெயருக்கு ஏற்றபடி, வீட்டில் எல்லோர் முகமும் புளித்துத்தான் இருந்தது. அத்தை மட்டும் புதுப் புடவை உடுத்தி, திண்ணையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது. அத்தைக்கு ஒரு டம்ளர் நீட்டினேன். “அப்புறம் ஆகட்டும்” என்று வாங்கவில்லை. சாமி தரிசனத்துக்கு முன்னால் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் கூட்டேரிப்பட்டில் இடது பக்கம் திரும்பினால் சிறிது நேரத்தில் மயிலம் மலை கண்ணில் படும். மலை என்றால் பழநியைப் போல நினைத்துக்கொள்ள வேண்டாம். சின்னக் குன்றுதான். படியேறியும் போகலாம், முடியாதவர்களுக்கு மேலே வரையில் கார் போகும் சாலையும் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்களுக்கு மயிலம் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆனால் எல்லா வண்டியும் நிற்காது என்பதால் திண்டிவனத்தில் இறங்கிப் பஸ் பிடிப்பதே சௌகரியம்.

மயிலம் என்ற பெயர் மயிலால் வந்தது. போரில் தோற்ற சூரபத்மன், முருகனுக்கு வாகனமாக இருக்க வேண்டும் என்று விரும்பி, மயில் உருக் கொண்ட மலையாக இங்கே தவம் இருந்தான் என்பது தல புராணம். எதிர்த்து நின்றவனைத் தள்ளிவிடாமல் தன்னோடேயே வைத்துக்கொண்ட இடம் இது. சம்பந்திகளும் ஓரகத்திகளும் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டிய ஸ்தலம் என்று எனக்குத் தோன்றிற்று!

கோயில் பொம்மபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. இது வீரசைவ மடம். ஆதீனகர்த்தர்களுக்குச் சிவஞான பாலய சுவாமிகள் என்று பட்டப் பெயர். அந்தப் பெயரில் 1938-ம் ஆண்டு தொடங்கிய தமிழ்க் கல்லூரி ஒன்றும் ஊரில் இருக்கிறது. பங்குனி உத்திரந்தான் இங்கே பெரிய திருவிழா. மாசி மகத்துக்கு முருகன் மலையை விட்டு இறங்கிப் புதுச்சேரிக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். வைத்திக்குப்பம் கடற்கரையில் திண்டிவனம், தீவனூர் முதலான பல ஊர்ச் சுவாமிகளும் அன்று ஒன்று கூடும் காட்சியைக் காண ஜனங்கள் அலை மோதுவார்கள்.

முகூர்த்த நாட்களில் இங்கே நடக்கும் கல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரு ஜோடி மாலையோடு இறங்க, இன்னொரு ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். அடிவாரத்தைச் சுற்றி மண்டபங்கள் நிறைய இருப்பது அதனால்தான்.

கிருத்திகை ஆனதால் கோயிலில் நல்ல கூட்டம். வள்ளி தெய்வயானை சமேதராக நின்ற முருகனுக்கு அபிஷேகம் ஆகும்போது அத்தை கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்து பிராகாரத்தில் காற்றாட உட்கார்ந்தோம். கீழே வயல்களும் பனைகளும் வெகு தூரம் தெரிந்தன.

பன்னிரண்டரை மணிக்கு மண்டபத்தில் முதல் பந்தி. தலை இலையில் அத்தையை உட்கார வைத்தோம். எத்தனையோ விருந்துகளில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் இன்று முதல் பந்தியில்! பத்தொன்பது அயிட்டங்களும் இலை கொள்ளாமல் வந்து விழுந்தன. பெரியப்பா போட்டோ எடுக்கச் சொன்னார்.

“சாப்பிடுங்க அக்கா” என்றார்.

அத்தை கைகளை மடியில் வைத்தபடியே இருந்தார். “நீங்க சாப்பிடுங்கப்பா. எனக்குக் கிருத்திகை விரதம். ராத்திரி விளக்கேத்தினப்புறந்தான்” என்றார் மெதுவாக.

எனக்குச் சுரீர் என்றது. கிருத்திகை என்றால் விரத நாள் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியா? எல்லோருக்கும் தெரியும். நட்சத்திரம் பார்த்தோம், மண்டபம் பார்த்தோம், எண்ணெய் பார்த்தோம். அத்தையைப் பார்க்கவில்லை.

பெரியப்பாவுக்கு வந்த கோபம் சித்தியின் பக்கம் திரும்பிற்று. “ஏம்மா, உனக்குத் தெரிஞ்சிருக்குமே! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சித்தி பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தார். “மாமா, அண்ணி முப்பது வருஷமா மாசா மாசம் கிருத்திகை இருக்காங்க. ராத்திரிக்கு உப்பில்லாத கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறவ நான். சாப்பாட்டுக்குப் பட்டியல் போட்டீங்க. ஆளுக்கு ஆள் கேட்டுக்கிட்டீங்க. அண்ணி என்ன சாப்பிடுவாங்கன்னு என்னை ஒருத்தர் கேட்டீங்களா?”

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார். சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கோ, பட்டியலை அனுப்பிய கைப்பேசியை எங்கேயாவது ஒளித்து வைத்தால் தேவலை போல் இருந்தது.

அத்தைதான் பேசினார். “நான் சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் எல்லாரும் ஒரு இடத்துல கூடறீங்களே, அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன். பிறந்த நட்சத்திரமே கிருத்திகைங்கறப்போ, நான் எந்தப் பிறந்த நாளுக்கு விருந்து சாப்பிட்டிருக்கேன்? அது போகட்டும். பரிமாறின இலை, கை படல்லே. வீணாக வேண்டாம்.”

எழுந்து போய்ச் சித்தியின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். “உட்காரு” என்று தம் இடத்தில் உட்கார வைத்தார். சித்தி எவ்வளவோ மறுத்துப் பார்த்தார், அத்தை விடவில்லை. பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பி, “அவளுக்குக் கொஞ்சம் நெய் விடும்மா” என்றார்.

பெரியம்மா நெய்க் கிண்ணத்தை எடுக்க ஒரு கணம் ஆயிற்று. எடுத்தார், விட்டார். சித்தி தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை பாயசம் வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதற்குமேல் அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. பெரியப்பா மட்டும் சித்தப்பாவைத் தனியே அழைத்துப் போய்ச் சமையல் செலவில் அவர் பங்கைத் தாமே கொடுத்துவிடுவதாகச் சொன்னாராம். சித்தப்பா அதற்கு ஒப்பவில்லையாம். “அது என் அக்காவுக்கு நான் போட்ட சாப்பாடு” என்றாராம்.

நாங்கள் அன்று சென்னைக்குத் திரும்பவில்லை. இரவு திண்டிவனத்து வீட்டில் தங்கினோம். அத்தை விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்தபோது மணி ஏழு. சித்தி சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் கஞ்சியும், ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். நாற்பத்தைந்து வயதாகிற நான், அத்தை கிருத்திகையன்று சாப்பிடுவதை அன்றுதான் முதல் முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் ஆகிவிட்டது.

கிருத்திகைக்கு ஏன் இத்தனை மகிமை என்று அத்தையே ஒரு காலத்தில் எனக்குக் கதை சொல்லியிருக்கிறார். சரவணப் பொய்கையில் கிடந்த ஆறு குழந்தைகளையும் கார்த்திகைப் பெண்கள் அறுவர் எடுத்துப் பால் கொடுத்து வளர்த்தார்கள். அவர்கள் பெற்ற தாயார் அல்ல, வளர்த்தவர்கள். அந்த உபகாரத்துக்காகவே அவர்களுடைய நட்சத்திரத்தில் விரதம் இருப்பவர்களுக்கு முருகன் அருள் கிடைக்கும் என்று சிவபெருமான் வரம் கொடுத்தாராம். எட்டு வயதுத் தம்பியை வளர்த்தவர் எந்த நட்சத்திரத்தில் பிறந்திருக்கிறார் பாருங்கள்!

“கஞ்சிக்கு என்ன சேர்க்கணும் சித்தி?” என்று கேட்டேன்.

சித்தி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, “பச்சரிசி நொய், கொஞ்சம் பயத்தம்பருப்பு, காய்ச்சின பால். உப்பு மட்டும் கூடாது. வா, காட்டறேன்” என்று அடுப்படிக்குள் அழைத்துப் போனார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்களுக்குப் பிறந்த நாள் விருந்து என்று பேச்சு வரும். கேட்டரிங்காரரா, வீட்டுச் சமையலா என்ற வாதமும் கட்டாயம் வரும். எது ஜெயித்தாலும் பாதகமில்லை. இலைக்கு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், அந்த இலையில் உட்காரப் போகிறவரிடமும், தினமும் அவருக்குச் சோறு போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மயிலத்துக்குப் போகிறவர்கள் கிருத்திகையன்று போனால், விருந்தை மட்டும் மறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்!