லென்ஸ் வாங்கின கதை

இந்த மாதச் சுவரிதழில் என் கண்ணைப் பற்றி எழுதுகிறேன். என்னைச் "சோடாபுட்டி" என்று கூப்பிட்டவர்களும் படிக்கலாம். கோபம் இல்லை!

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 5 பவர். கால்பந்து ஆடும்போது பந்து பட்டு, போன வருஷம் இரண்டாவது தடவையாகக் கண்ணாடி உடைந்தது. அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். "இன்னொரு தபா ஒடைஞ்சா ஆட்டமே வேணாம்" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் லென்ஸ் ஆசை வந்தது.

பொங்கல் காசும் உண்டியல் காசும் சேர்த்து 700 ரூபாய் இருந்தது. வீட்டில் சொல்லாமல் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை, பழைய கண்ணாடிச் சீட்டைத்தான் பார்த்தார். ஒரு மாத லென்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார். டப்பா இலவசம். சொல்யூஷனுக்குத் தனி விலை என்றார். கையில் காசு இல்லை. அப்புறம் வாங்கிக்கலாம் என்று வந்துவிட்டேன்.

காய்ச்சி ஆறின தண்ணீரில்தான் தினமும் லென்ஸைப் போட்டு வைத்தேன். முதல் வாரம் ஒரே சந்தோஷம்! மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவர் முகம்கூடத் தெரிந்தது. ஒரு நாள் மேட்ச் முடிந்து வந்த அசதியில் கழட்டாமலே தூங்கிவிட்டேன். காலையில் கண் திறக்க முடியவில்லை. அன்றைக்குக் குப்பைமேட்டுப் புகை வேறு.

"இன்னாடி, மெட்ராஸ் ஐயா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். மறுநாள் வெளிச்சத்தைப் பார்த்தாலே கண்ணில் ஊசி குத்துவது போல் இருந்தது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அப்பா லோடை விட்டுவிட்டு எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அது 1819-இல் தொடங்கிய மருத்துவமனை.

டாக்டர் கண்ணில் சாய மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். "கருவிழியில சின்னப் புண்ணு. இன்னும் லேட்டா வந்திருந்தா தழும்பு விழுந்து பார்வையே மங்கியிருக்கலாம். லென்ஸ் வாங்கக் காசு வெச்சே, அதைக் கழுவக் காசு வெச்சியாம்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அங்கே நான் தெரிந்துகொண்டவை:

1. கண்ணாடிச் சீட்டு லென்ஸ் சீட்டு ஆகாது. லென்ஸுக்குக் கருவிழியின் வளைவையும் அளக்க வேண்டும். பவரும் மாறும். கண்ணாடியில் மைனஸ் 5 என்றால் லென்ஸில் சுமார் மைனஸ் 4.75 தான்.

2. விலை கேட்கும்போது லென்ஸ், சொல்யூஷன், டப்பா மூன்றையும் கூட்டிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையும் மாற்ற வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் கண்ணாடியே நல்லது.

3. தண்ணீர் படவே கூடாது. குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா என்ற கிருமி இருக்கலாம். அது கருவிழியை அரித்துவிடும். உப்புத் தண்ணீரும் கிருமியைக் கொல்லாது.

4. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அது காற்றிலிருந்துதான் ஆக்சிஜன் எடுக்கிறது. லென்ஸோடு தூங்கினால் அதற்கு மூச்சு முட்டும்.

5. ஃபேன்சி கடையில் விற்கும் கலர் லென்ஸுக்கும் இதே விதிதான். கல்யாணத்துக்கு ஒருவர் போட்டதை இன்னொருவர் வாங்கிப் போடாதீர்கள்.

6. கண் சிவந்தாலோ, வலித்தாலோ உடனே லென்ஸைக் கழட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். என்னைப் போல் பொய் சொல்லாதீர்கள்.

புண் ஆற மூன்று வாரம் ஆனது. நான் சொல்யூஷனில் மிச்சம் பிடித்த காசு, அப்பா இழந்த ஒரு நாள் கூலிக்குக்கூட ஈடாகாது. அப்பா திட்டவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் பட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறேன்.

"பன்னெண்டாவது முடி. நானே இட்னு போய் அளவெடுத்து வாங்கித் தரேன். மேட்ச் அன்னிக்கு மட்டும் போட்டுத் தூக்கிப் போடற லென்ஸு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை சோடாபுட்டிதான்!

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம் நண்பர்களே.



– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி