கல்லு மாதிரி காத்து வேணுமா?

சைக்கிள் கடையில் காற்று அடித்து முடித்ததும் கடைக்காரர் கட்டைவிரலால் டயரை ஒரு அமுக்கு அமுக்குவார். "கல்லு மாதிரி இருக்கு தம்பி, எடுத்துட்டுப் போ". அவ்வளவுதான் பரீட்சை. பின்னால் ஒரு மூட்டை அரிசி, முன்னால் பாரில் ஒரு பையன் என்று பாரம் ஏற்றிய அந்தக் கால கருப்பு சைக்கிளுக்கு அது சரி. ஒல்லி டயரில் காற்று குறைந்தால் ரிம் நெளிந்துவிடும்.

இப்போது பையன்கள் வாங்குவது மவுண்டன் பைக்கும் ஹைப்ரிடும். டயரின் அகலம் மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. ஒன்று கல்லு மாதிரி அடிப்பது, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அடிக்காமலே ஓட்டுவது. "மிதிக்கவே முடியல", "மணிக்கட்டு வலிக்குது", "வாரம் ஒரு பஞ்சர்" என்று புலம்பல் ஆரம்பிக்கும். அப்புறம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டி மாடிப்படிக்கு அடியில் தூசி வாங்கும். பல சமயம் குற்றம் வண்டியில் இல்லை, காற்றில்தான்.

முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 26 x 1.95 என்று அளவும், பக்கத்தில் 35-65 பி.எஸ்.ஐ. என்பது போல ஒரு எண்ணும் இருக்கும் (எண்கள் டயருக்கு டயர் மாறும்). பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. இதில் 65 என்பது உச்ச வரம்பு. "இதைத் தாண்டாதே" என்கிறார்களே தவிர, "இவ்வளவு அடி" என்று சொல்லவில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சரி, அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 80. இதில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரத்தில் விழும். அதாவது 48 கிலோ, சுமார் 105 பவுண்டு. டயரில் 50 பி.எஸ்.ஐ. இருந்தால் தரையைத் தொடும் ரப்பர் சுமார் 2 சதுர அங்குலம். அதையே 25-க்கு இறக்கினால் 4 சதுர அங்குலம். காற்று குறையக் குறைய டயர் அதிகம் நசுங்கி, தரையை அதிகம் பிடிக்கும். கூடவே ரப்பர் மடங்கி மடங்கி நிமிர்வதில் உங்கள் கால் சக்தியும் வீணாகும்.

அப்படியானால் கல்லு மாதிரி அடித்தால் வேகமாகப் போகலாமே? கண்ணாடி போன்ற சாலையில் போகலாம். குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு கல்லும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய சக்தி மேலே போகிறது.

அயனம்பாக்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். வானகரம் - அம்பத்தூர் சாலை தார்ச்சாலை, லாரிகளும் உண்டு. உள்ளே திரும்பினால் சிமென்ட் தெரு, அதிலும் குழாய்க்குத் தோண்டி மூடிய மேடு பள்ளம். ஏரிக்கரைப் பக்கம் போனால் மண். ஒரே ஊருக்குள் மூன்று பாதை. தினமும் எதில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அதற்குத்தான் காற்று வைக்க வேண்டும்.

65 கிலோ ஆளுக்கு ஒரு தொடக்கம் இப்படி வைத்துக் கொள்ளலாம்:

மவுண்டன் பைக், 26 x 1.95: தார்ச்சாலைக்கு பின்னால் 48, முன்னால் 43. மண்பாதைக்கு 40, 35.

ஹைப்ரிட், 700 x 35: பின்னால் 60, முன்னால் 55.

எடை 10 கிலோ கூடினால் 4, 5 கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். டயரில் போட்டிருக்கும் இரண்டு எல்லையையும் தாண்ட வேண்டாம். மணிக்கட்டு அதிர்ந்தால் 3 குறையுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் 'டங்'கென்று இடித்தால் 5 ஏற்றுங்கள். அந்த இடியில் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி பஞ்சர் என்பது அதுதான். டயரில் முள்ளைத் தேடினால் கிடைக்காது :-)

மழைக்காலத்தில் இது வெறும் சௌகரிய விஷயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரச் சாலையில் மணல் படிந்திருக்கும். பக்கத்தில் லாரி வரும்போது திடீரென்று பிரேக் பிடித்தால், கல்லு மாதிரி இருக்கும் முன்டயர் சறுக்கும். அந்த நாட்களில் இரண்டு டயரிலும் 5 குறைத்து ஓட்டுவது நல்லது.

வெயில் கதை வேறு. "வெயில்ல நிறுத்தாதே, டியூப் வெடிச்சிடும்" என்பார்கள். 25 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானாலும் ஏறுவது சுமார் 5 பி.எஸ்.ஐ.தான். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. ஏற்கெனவே உச்சத்துக்கு அடித்ததோ ஓரம் கிழிந்ததோ வெடிக்கலாம்.

அளப்பது எப்படி? 1888-ல் பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்தவர் ஜான் பாய்ட் டன்லப். அவர் பெயரில் ஒரு டயர் ஆலையே நம் அம்பத்தூரில் வெகுகாலம் ஓடி, பிறகு மூடப்பட்டது. வால்ட்யூப் போட்ட பழைய சைக்கிள் வால்வுக்கும் டன்லப் வால்வு என்றுதான் பெயர். அதில் சாதாரண கேஜ் வைத்து அளக்க முடியாது, கட்டைவிரல்தான் கதி. ஆனால் பெரும்பாலான மவுண்டன் பைக்குகளில் இருப்பது மோட்டார் சைக்கிள் வால்வு. அதை அளக்கலாம். கட்டைவிரலுக்கு 45-ம் கல்லுதான், 65-ம் கல்லுதான்.

எனவே கேஜ் வைத்த கால் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும். பெட்ரோல் பங்கில் அடிப்பதானால் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். கார் டயருக்கான கம்ப்ரசர் சைக்கிள் டியூபை நொடிகளில் நிரப்பிவிடும். நல்ல டியூபிலும் காற்று மெல்ல இறங்கும் என்பதால் வாரம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்குப் பொருந்திய எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃபிரேமில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை கடைக்காரர் கட்டைவிரலை நீட்டும்போது அதைக் காட்டலாம்.