சங்கத்துக் கணிப்பொறியும் பெரியவர்களின் குரலும்

நம் சங்கப் படிப்பகத்துக் கணிப்பொறியை அன்பர்கள் அறிவர். பொங்கல் விழா நிழற்படங்களும், நாடகங்களின் ஒளிப்பதிவுகளும், இவ்வூருக்கு முதன்முதலில் பிழைப்பு நாடி வந்த பெரியவர்கள் தம் கதையைத் தாமே கூறிய ஒலிப்பதிவுகளும் அதனுள் இருந்த ஒரே வன்தட்டில் அடங்கியிருந்தன. அளவு ஏறத்தாழ 400 ஜிகாபைட். அப்பெரியவர்களுள் பலர் இன்று இல்லை. அந்தத் தட்டோ சில வாரங்களாக 'டக், டக்' என ஒலிக்கத் தொடங்கிற்று. சுழலும் தட்டு அவ்வாறு ஒலித்தல் நன்னிமித்தம் அன்று.

செயற்குழுவினர் புதிய தட்டு ஒன்றும், வலையமைப்பு வழியே இயங்கும் சேமிப்புப் பெட்டி ஒன்றும் வாங்கி, இணைக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தனர். நாம் மெட்ரிக்குலேஷன் அளவே பயின்ற ரயில்வே எழுத்தர். எனினும் அலுவலகத்துப் பழக்கமும், கல்லூரியில் பயிலும் உறுப்பினர் மகன் ஒருவரின் துணையும் இருந்தமையால் இசைந்தோம்.

தட்டைப் பொருத்துதல் எளிது. மின்சாரத்துக்கு ஒரு கேபிள், தகவலுக்கு ஒரு கேபிள், அவ்வளவே. இடர் அதன் பின்னரே வருவது. நம் கணிப்பொறி லினக்ஸ் முறையில் இயங்குவது. தட்டுகளைக் கண்ட வரிசைப்படி அது 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' எனப் பெயரிடும். மறுமுறை இயக்கும்போது அவ்வரிசை மாறவும் கூடும். ரயில்வேயில் இருப்போர்க்கு இது புதிதன்று. என்ஜின் மறுமுனையில் பூட்டப்பெற்றால் முதற்பெட்டி கடைசிப் பெட்டியாகிவிடும். ஆயினும் பெட்டியின் பக்கத்தில் எழுதிய எண் மாறுவதில்லை. தட்டுக்கும் அத்தகைய மாறா எண் உண்டு. அதனை யூயூஐடி என்பர். இணைப்புக் குறிப்பில் அவ்வெண்ணையே எழுதினோம். வரிசைப் பெயரை நம்பி, வெறுந்தட்டைப் பழைய தட்டின்மேல் படியெடுத்துவிட்டால் யாது நேரும் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்க!

இன்னொரு கண்ணியும் உண்டு. இதனைப் பலர் எடுத்துரைப்பதில்லை. லினக்ஸில் தட்டு ஒரு வெற்றுக் கோப்புறையில் வந்து இணைகிறது. தட்டு இணையாவிடினும் அக்கோப்புறை வாய் திறந்தே இருக்கும். இட்டதை எல்லாம் மறுக்காது ஏற்கும். ஆனால் அவை சென்று சேர்வது பழுதுற்ற பழைய தட்டிலேயே. படியெடுத்துவிட்டோம் என மகிழ்ந்திருப்போம். மூலமும் படியும் ஒருங்கே அழியும். ஆகையால் தட்டை இணைக்குமுன்னரே அவ்வெற்றுக் கோப்புறையில் எதுவும் எழுதவியலாதவாறு பூட்டினோம். தட்டு வந்து இணைந்தால் மட்டுமே வழி திறக்கும்.

சேமிப்புப் பெட்டியைப் பின்கட்டு அலுவல் அறையில் வைத்தோம். மழைக்காலத்தில் படிப்பகக் கூரை ஒழுகுவதைக் கண்டவர்கள் காரணம் கேளார். அவ்வறைவரை முன்னரே எவரோ இழுத்து வைத்த கேபிள் ஒன்று இருந்தது. செருகினோம், விளக்கும் எரிந்தது, கோப்புகளும் சென்றன. ஆனால் வேகம் 1000 மெகாபிட்டுக்கு மாறாக 100 என்றே காட்டிற்று. அக்கேபிளில் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். ஆதலின் ஓரிணை அற்றிருப்பினும் வேலை நடப்பதுபோலவே தோன்றும். 100 மெகாபிட்டில் 400 ஜிகாபைட் செல்லக் கணக்குப்படியே ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும். 1000-ல் ஒரு மணிக்கும் குறைவு. சாகக் கிடக்கும் தட்டை 9 மணி நேரம் ஓடவிட மனம் ஒப்பவில்லை. முனையை வெட்டி, வெள்ளை-ஆரஞ்சு முதல் பழுப்பு வரை வரிசை பிசகாது அடுக்கிப் புதிய முனையை அழுத்திப் பொருத்தினோம். எண் 1000 ஆயிற்று.

மின்சாரம் போய் வந்தால் ரௌட்டர் அப்பெட்டிக்கு வேறு முகவரி தந்துவிடலாம். குவார்ட்டர்ஸ் மாறியவருக்குப் பழைய கதவெண்ணில் கடிதம் போட்ட கதைதான். எனவே 192.168.1.50 என்னும் முகவரியை அதற்கே உரியதாக ரௌட்டரில் ஒதுக்கினோம்.

படியெடுப்பு நடந்த மாலையில், நெடுங்காலம் இவ்வூரில் வாழும் அம்மையார் ஒருவர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். "தம்பி, அவர் குரல் அதில் இருக்கிறதா?" என்றார். "இருக்கிறது அம்மா, கேளுங்கள்" என்று சேமிப்புப் பெட்டியிலிருந்தே இயக்கினோம். ஒரு தகரப் பெட்டியோடும், ஓர் இந்திச் சொல்லும் அறியாமலும் இந்நிலையத்தில் இறங்கிய கதையை அவர் கணவர் சிரித்துக்கொண்டே கூறினார். அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டோம்.

பழைய தட்டிலிருந்து இரண்டு கோப்புகள் மட்டும் வரவில்லை. மும்முறை முயன்றும், படிக்க இயலவில்லை என்ற அறிவிப்பே வந்தது. அவை 2011-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் முதியோர் பேசிய ஒலிப்பதிவுகள். அந்நாளில் பென் டிரைவில் படியெடுத்துச் சென்ற இல்லத்தார் எவரேனும் வைத்திருப்பின், ஞாயிறு மாலை படிப்பகத்துக்குக் கொண்டுவந்து தருமாறு வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்.