எல்லையில் ஒரு மணி நேரம்

ஸ்பெயின் தேசத்தின் மேற்கு எல்லையிலே, குவாதியானா நதிக்கரையில் இருக்கும் பதஹோஸ் நகரில் நாம் குடும்பத்துடன் வாசம் செய்து வருகிறோம். டிசம்பர் மாதம் பிறந்தால் அங்கே நமக்கு ஒரு சங்கடம் உண்டு. 24-ஆம் தேதி இரவை அந்நாட்டார் 'நோச்சே புவேனா', அதாவது 'நல்லிரவு' என்பார்கள். அன்று மாலையே கடைகள் அடைபட்டு வீதி வெறிச்சோடும். பாட்டன் முதல் பேரன் வரை ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து விருந்துண்பர். உற்றார் உறவினர் அருகில் இல்லாத நாமோ, மூன்று வருஷங்கள் அவ்விரவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, அடுத்த வீட்டுச் சிரிப்பொலியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே, சென்ற டிசம்பரில் அயல்நாட்டுக்குப் போய்விடுவதென்று தீர்மானித்தோம். அயல்நாடென்றால் கப்பலேற வேண்டியதில்லை. போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன், மோட்டாரில் சுமார் 230 கிலோமீட்டர் தூரந்தான். தீர்மானத்துக்கு எதிராக விழுந்த ஒரே ஓட்டு, ஏழு வயதான நம் புதல்வியுடையது. ஸ்பெயினில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டு வருகிறவர்கள் மெல்ச்சோர், கஸ்பார், பல்தசார் என்னும் மூன்று ராஜாக்கள். ஜனவரி 5-ஆம் தேதி இரவு அவர்கள் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால்? அதற்குள் திரும்பிவிடுவதாக வாக்களித்த பிறகே அவள் சமாதானமடைந்தாள்.

கீழ் வீட்டில் எழுபது வயது கடந்த ஒரு மூதாட்டி இருக்கிறாள். மகன் பார்சலோனாவில் உத்தியோகம். வருஷந்தோறும் அவள் கிறிஸ்துமஸ் லாட்டரியில் 20 யூரோவுக்கு ஒரு சீட்டு வாங்கி, அதில் பாதி நமக்கென்று சொல்லிவிடுவாள். 1812-இல் காதிஸ் நகரில் தொடங்கிய லாட்டரி அது. டிசம்பர் 22-ஆம் தேதி காலை, சான் இல்தெபோன்ஸோ பள்ளிப் பிள்ளைகள் எண்களை ராகம் போட்டுப் பாடுவதை அவள் வீட்டிலிருந்தே கேட்டோம். நமக்கு ஒன்றும் விழவில்லை. எழுந்து வரும்போதுதான் பிரயாணச் செய்தியைச் சொன்னோம். "ஓ, லிஸ்பனுக்கா?" என்றாள், குழந்தையின் கையில் ஒரு பொட்டலம் மிட்டாயைத் திணித்தாள், வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் எல்லையைத் தாண்டினோம். 1995-இல் ஷெங்கன் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது முதல் அங்கே வழக்கமான சோதனை கிடையாது. மாறுவது கடியாரம் ஒன்றுதான். 1940-இல் பிராங்கோவின் ஆட்சி ஸ்பெயினின் மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிற்று. அது இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகையால் போர்ச்சுகலில் கால் வைத்தவுடன் ஒரு மணி நேரம் நமக்கு இனாமாகக் கிடைத்தது. குழந்தைக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

லிஸ்பனில் நம் காதுக்கு ஒரு விருந்து காத்திருந்தது. விடுதிக்காரர் 'ஷாவ்' என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். 'ஜனேலா' என்று ஜன்னலைக் காட்டினார். போர்த்துகீசியர் நம் கரைகளில் இறக்கிவிட்டுப் போன சொற்கள் அல்லவா இவை! ஸ்பானிய மொழியில் இவ்விரண்டுக்கும் வேறு பெயர்கள்.

24-ஆம் தேதி மாலை உணவு விடுதி தேடிப் புறப்பட்டோம். ரொஸியோ சதுக்கத்திலும் அகுஸ்தா வீதியிலும் விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. ஆனால் நாம் தட்டிய கதவு ஒவ்வொன்றும் அடைத்திருந்தது. அங்கும் அது குடும்பத்தாரின் இரவேயாம்! வடகடலிலிருந்து வரும் உப்பிட்ட காட் மீனை உருளைக்கிழங்கு, கோஸ் கீரையுடன் வேகவைத்து உண்பது அவர்கள் வழக்கம். ஜன்னல்தோறும் அந்த மணம் வந்தது. அடைத்த கதவுகளுக்குப் பயந்து 230 கிலோமீட்டர் ஓடிவந்த நாம், அறையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். அந்த மிட்டாய்ப் பொட்டலத்தையும் அப்போதுதான் பிரித்தோம். அடியில் மூன்று காகித நாப்கின்கள் மடித்து வைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் நம்மில் ஒருவர் பெயர் எழுதியிருந்தது. மேசையில் யார் எங்கே அமர்வது என்பதற்காக எழுதியவை அவை. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

எஞ்சிய நாட்கள் நன்றாகவே கழிந்தன. வருஷப் பிறப்பன்று, லிஸ்பனில் மணி பதினொன்று அடிக்கையில் ஸ்பெயினில் நடுநிசி. ஸ்பானிய முறைப்படி பன்னிரண்டு திராட்சைப் பழங்களை விழுங்கி, மூதாட்டிக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னோம். அடுத்த மணியில் போர்த்துகீசிய முறைப்படி பன்னிரண்டு உலர்ந்த திராட்சை. நாப்கினைப் பற்றிப் பேச மட்டும் நா எழவில்லை.

ஜனவரி 5-ஆம் தேதி திரும்பும்போது எல்லையில் அந்த ஒரு மணி நேரம் பறிபோயிற்று. ராஜாக்களின் ஊர்வலம் தவறிவிடுமென்று குழந்தை அழத் தொடங்கினாள். கடைசி ரதம் கண்ணில் பட்டது.

வீட்டு வாயிலில் மூதாட்டி நின்றிருந்தாள். "மகன் வரவில்லை. உங்களைக் கூப்பிட வெட்கமாயிருந்தது, உறவில்லாதவள் அழைத்தால் என்ன நினைப்பீர்களோ என்று" என்றாள். நாமும் அதே வெட்கத்தினால்தான் ஓடினோம் என்றோம். அவள் சிரித்துவிட்டு, ராஜாக்களின் வட்ட ரொட்டியான 'ரொஸ்கோன்' ஒன்றைக் கொண்டுவந்து அறுத்தாள். அதனுள்ளே ஓர் அவரைவிதை ஒளித்து வைப்பார்கள். எவர் துண்டில் அது அகப்படுகிறதோ அவரே ரொட்டியின் விலையைக் கொடுக்க வேண்டும்.

விதை நம் பல்லில்தான் கடிபட்டது. பணப்பையை எடுத்தோம். "இப்போது வேண்டாம், டிசம்பர் 24-ஆம் தேதி கொடுத்தால் போதும்" என்றாள்.