குறையைக் கல்லாவில் சொல்லுங்கள்

ரவா தோசை சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்கும். நமக்குப் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். வந்து சேர்ந்த தோசையில் சூடில்லை. இன்னொரு தடவை சாம்பார் கேட்டால் சர்வர் காதில் விழாதவர்போல் நகர்கிறார். கடைசியில் சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில் பில் வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்த லட்சணத்துக்கு டிப்ஸ் வேறயா?"

வைக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

ரவா தோசை தாமதமானால் அதில் சர்வருக்கு என்ன பங்கு? அதன் மாவு நீர்த்திருக்கும், கல்லில் நிதானமாகத்தான் முறுகும். நாலைந்து ஆர்டர் சேரட்டும் என்று மாஸ்டர் காத்திருப்பதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நெரிசலில் இரண்டு பேர் லீவு என்றால் மீதி இருப்பவர் தலையில் பத்து மேசை விழும். ஒருவர் சட்னி கேட்பார், ஒருவர் பில் கேட்பார், ஒரு குழந்தை தண்ணீரைக் கொட்டியிருக்கும். ஆள் போடாதது முதலாளியின் கணக்கு. திட்டு வாங்குவதோ சாம்பார் வாளியோடு நிற்பவர். இன்று சென்னையில் நமக்குப் பரிமாறுகிறவர்களில் பலர் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். "கெட்டிச் சட்னி கொஞ்சம்" என்றதும் அவர் விழித்தால் அது அலட்சியமில்லை, மொழி இன்னும் பிடிபடவில்லை. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. பந்தி ஓயாத ஹோட்டலில் இருக்கை இருந்தாலும் சர்வருக்கு உட்காரப் பொழுதேது? எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு ஒருவர் சிரிக்கவில்லை என்பதை நான் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

அவமதிப்பு வேறு விஷயம். ஒரு ஹோட்டலில் அழுக்கு வேட்டியோடு வந்த பெரியவர் ஒருவர் காபி மட்டும் சொன்னார். "டிபன் சாப்பிடறவங்க நிக்கிறாங்க, எந்திரிங்க" என்று சர்வர் அவரைப் பாதிக் காபியில் எழுப்பிவிட்டார். அன்றைக்கு நான் எதுவும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்பதை அந்த சர்வரிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொல்லாமல் வந்திருந்தால், 'கஞ்சப் பயல்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போயிருப்பார். வெறும் தட்டைப் பார்த்து யாருக்கும் தன் தவறு புரிவதில்லை. முதலாளிக்கோ அந்தத் தட்டு கண்ணிலேயே படாது. அதனால்தான் உணவில் குறை, தாமதம் எல்லாவற்றையும் கல்லாவில் நின்று, குரலை உயர்த்தாமல், என்ன நடந்தது என்று சொல்லச் சொல்கிறேன். ஆறிய தோசையைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் வேறு போட்டுத் தருவார்கள். அதைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் இருபது ரூபாயைப் பிடித்துவைத்துக் கோபத்தைத் தீர்த்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான், 1991-இலிருந்து அது ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். சில மாநிலங்கள் இதைவிட நல்ல கூலி வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் நாம் வைக்காமல் வருவது சம்பளத்திலேயே கைவைப்பதுதான்.

நம் ஊரில் பெரிய உணவகங்கள் சில, பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை சேர்த்துவிடுகின்றன. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்றது. எனவே எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நான் எடுக்கச் சொல்கிறேன், சேவை நன்றாக இருந்தாலும்கூட. அந்தத் தொகை பரிமாறியவருக்குப் போகிறதா என்று பில்லைப் பார்த்து நமக்குத் தெரியப்போவதில்லை. கையில் கொடுத்தால் தெரியும்.

கையில் கொடுக்கிற வழக்கம் இப்போது தேய்கிறது. எல்லாரும் போனில் ஸ்கேன் செய்து பைசா சுத்தமாகப் பணம் கட்டுகிறோம். தட்டில் சில்லறை திரும்பி வந்தால்தானே அதில் கொஞ்சம் விட்டுவைக்க? கியூஆர் அட்டையில் கூடுதலாகப் போட்டாலும் அது கடைக் கணக்கில்தான் விழுகிறது. அதற்காகவே சட்டைப் பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்திருக்கிறேன். பல ஹோட்டல்களில் டிப்ஸை ஒரு டப்பாவில் சேர்த்து இரவில் பிரித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிரிப்பதுண்டா என்று சர்வரிடம் கேட்டுவிடுவேன். இல்லையென்றால், மேசை துடைக்க வரும் அம்மாவிடம் தனியாகப் பத்து ரூபாய் கொடுப்பேன்.